காலணாப் புத்தகமும் சுயராஜ்யமும்: வாசகர் கேள்வி – பதில்

விடுதலைப் போராட்ட காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், பாட்டுப் புத்தகங்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, பழைய அச்சுப் பொருள்களோடும் ஆவணங்களோடும் வேலை செய்பவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுத்து தெரியாத காலம் அது. துண்டுப் பிரசுரம் போட்டு யாருக்கு என்ன பயன்? படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைத்தான் மக்கள் ஆதரவு என்று சொல்லிக்கொள்கிறோமா?
(வாசகர், தஞ்சாவூர்)

நீங்கள் சொல்லும் கணக்கு சரி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 5.35 சதவீதம். 1931இல்கூட 9.5 சதவீதம்தான். ஆனால் ஒரு பிரசுரத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்பதைவிட, அது எத்தனை பேர் காதில் விழுந்தது என்று பார்ப்பதுதான் அந்தக் காலத்துக்குப் பொருந்தும்.

1930 வாக்கில் வந்த ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, மொத்தமே 8 பக்கம். முகப்பில் கொட்டை எழுத்தில் தலைப்பு, அடியில் விலை: காலணா, அரையணா, மிஞ்சிப் போனால் ஓரணா (ரூபாய்க்குப் பதினாறு அணா). உள்ளே ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘வர்ணமெட்டு’ என்று ஒரு வரி இருக்கும். இன்ன நாடகப் பாட்டின் மெட்டில் இதைப் பாட வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. மெட்டு ஏற்கெனவே ஊருக்கே தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் இரண்டு முறை பாடிக் காட்டினால் போதும், கேட்டவர்கள் வாயில் பாட்டு ஏறிக்கொள்ளும். பிறகு புத்தகமே தேவையில்லை. சந்தையிலும் ரயில் நிலையத்திலும் விற்றவர்கள் பாடித்தான் விற்றார்கள். போலீஸ் பறிமுதல் செய்தது காகிதத்தைத்தான். மனப்பாடமானதை என்ன செய்ய முடியும்?

எல்லாப் பிரசுரமும் இப்படிப் பரவிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடமொழிச் சொற்களை அடுக்கி, ஒரு வாக்கியத்தைப் பத்து வரிக்கு இழுத்த உரைநடைத் துண்டுகள் அரசு அலுவலக வாசலையும் வாசக சாலையையும் தாண்டியதற்கான தடயம் குறைவு. உப்பு, கதர், ராட்டை, கள்ளுக்கடை, சீமைத்துணி என்று வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் மெட்டுக்குள் இலகுவாக உட்கார்ந்தன. உப்பு வரி அநியாயம் என்பதைச் சமையல் செய்கிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் நடந்த யாத்திரை ஏறக்குறைய 150 மைல். வழி நெடுகத் தொண்டர்கள் பாடிக்கொண்டே போனார்கள். நாமக்கல் கவிஞர் அதற்கென்று எழுதிக் கொடுத்த பாட்டை வழியோர ஊர்கள் முதலில் காதால்தான் வாங்கிக்கொண்டன.

ஒரே இரவில் ஆயிரம் பிரதி அடித்துக் காலையில் விநியோகித்தார்கள் என்கிறார்கள். கையால் எழுத்துக் கோத்த காலத்தில் அது நடக்கிற காரியமா?
(அச்சுத்தொழில் குடும்பத்து வாசகர், சிவகாசி)

நடக்கும். ஆனால் 8 பக்கத்துக்கு மேல் போனால் நடக்காது. கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

கிரவுன் தாள் 15க்கு 20 அங்குலம். அதைப் பாதியாக வெட்டினால் 10க்கு 15. காலால் மிதித்து ஓட்டும் சின்ன அச்சு இயந்திரத்தின் (மிதி இயந்திரம்) சட்டகத்தில் அடங்கும் அளவு அது. ஒரு புறத்துக்கு நான்கு பக்கங்களாக இருபுறமும் அடித்து, இரண்டு மடிப்பு மடித்து, ஓரம் வெட்டினால் 8 பக்கப் புத்தகம் தயார். ஆயிரம் பிரதிக்கு வேண்டியது 500 முழுத் தாள், அதாவது ஒரே ஒரு ரீம். ஒரு ரீமை யார் வாங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்து ரீம் வாங்கினால் கடைக்காரரே விசாரிப்பார். 8 பக்கம் என்ற அளவு சிக்கனத்துக்காக மட்டும் வந்ததல்ல என்று நாங்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரம் தின்றது எழுத்துக் கோப்பதுதான். தமிழில் உயிர், மெய், கி–கீ–கு–கூ வரிசைகள், கொம்பு, கால், கிரந்தம் எல்லாம் சேர்த்தால் கேஸில் (அச்செழுத்துகளைப் பிரித்து வைக்கும் பெட்டி) 150க்கு மேல் தனித்தனி அச்சுகள் வேண்டும். பக்கத்துக்குச் சுமார் ஆயிரம் எழுத்து என்றால் 8 பக்கத்துக்கு எட்டாயிரம். தேர்ந்த இரண்டு பேர் விளக்கு வெளிச்சத்தில் கோத்தால் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். பாட்டு என்றால் வரிகள் குட்டையாக இருக்கும், இடைவெளி அதிகம், எனவே அதற்கு முன்பே முடியும். பிறகு மிதி இயந்திரத்தில் மணிக்கு எழுநூறு முதல் ஆயிரம் தாள் வரை ஓட்டலாம். ஆயிரம் பிரதிக்கு இருபுறமும் சேர்த்து 2,000 ஓட்டம்.

தவறுவது எங்கே? முதலாவது, எழுத்துப் பஞ்சம். சிறிய அச்சகத்தில் நான்கு பக்கம் கோத்ததுமே க, த, ன தீர்ந்துவிடும். அப்போது முதல் நான்கு பக்கத்தை அடித்து முடித்து, அச்சுகளைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போட்டுத்தான் மீதி நான்கைக் கோக்க முடியும். ஒரு இரவு இரண்டு இரவாகும். பழைய பிரசுரங்களில் வரிக்கு நடுவே அளவு மாறிய ‘த’வோ ‘ன’வோ தென்பட்டால், எழுத்து தீர்ந்து வேறு அளவு அச்சைச் செருகியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது, பக்க அமைப்பு. ஒரு புறம் 1, 8, 5, 4 என்றும் மறுபுறம் 2, 7, 6, 3 என்றும் அமைய வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கம் இடம் மாறிவிட்டால் மடித்த பிறகுதான் தெரியும். அப்போது ஆயிரமும் அடித்து முடிந்திருக்கும். மூன்றாவது, மை காயாமல் மறுபுறம் அடிப்பது. ஒரு தாளின் மை அடுத்த தாளில் ஒட்டி, எழுத்துக்குப் பின்னால் நிழல்போல இன்னொரு எழுத்து தெரியும். அவசரமாக அடித்த பிரசுரங்களை இந்த நிழலை வைத்தே அடையாளம் காணலாம்.

பல பிரசுரங்களில் அச்சகத்தின் பெயரே இல்லையே, ஏன்?
(வாசகர், மதுரை)

பெயர் போட்டவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார் என்பதால். 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம், அச்சிட்டவர் பெயரும் இடமும் ஒவ்வொரு அச்சுப் பொருளிலும் இருக்க வேண்டும் என்றது. பெயர் இல்லாமல் அடித்தால் அதுவே குற்றம். பெயரோடு அடித்தால் உள்ளடக்கத்துக்காக வழக்கு. 1908இல் ‘இந்தியா’ வார இதழ் மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது சிறைக்குப் போனவர் பாரதி அல்ல, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன். ஐந்து ஆண்டு தண்டனை.

1910 அச்சுச் சட்டம் இன்னும் தந்திரமானது. அது பணத்தில் கைவைத்தது. புதிதாக அச்சகம் தொடங்குபவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் அச்சகத்திடம் 5,000 வரை கேட்கலாம். ஆட்சேபகரமானதை அச்சிட்டால் தொகை பறிபோகும். மறுபடி தொடங்க 1,000 முதல் 10,000 வரை. அதற்குப் பிறகும் அச்சிட்டால் இயந்திரமே பறிமுதல். எழுதுகிறவருக்கு அஞ்சாத நெஞ்சம் இருக்கலாம், ஆனால் கடன் வாங்கி மிதி இயந்திரம் போட்டவர் என்ன செய்வார்? இந்தச் சட்டத்தின் குறி எழுத்தாளர் அல்ல, அச்சகக்காரர்.

அதனால்தான் சிலர் கற்பனைப் பெயர் போட்டார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கையொட்டி இரண்டு தமிழ்ப் பிரசுரங்கள் அரசின் பார்வைக்கு வந்தன. ஆரியர்களுக்கு ஆப்த வாக்கியம் என்பது ஒன்று, அபிநவ பாரத சமாஜம் என்ற ரகசியப் புரட்சி அமைப்பில் சேர்வதற்கான பிரமாணம் மற்றது. பரங்கியரை அழிக்கும் அச்சுக்கூடம் என்று பொருள்படும் பெயர் அவற்றில் இருந்தது. அப்படி ஓர் அச்சகம் எந்தப் பதிவேட்டிலும் இருக்க முடியாது. அச்சகப் பெயர் போட வேண்டிய இடத்திலும் ஒரு முழக்கத்தைப் போட்டுவிட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து அச்சிட்டால் மட்டும் தப்பிக்க முடிந்ததா?
(வாசகர், விழுப்புரம்)

அச்சிடலாம், அனுப்புவதுதான் சிக்கல். பிரெஞ்சு ஆட்சிப் பகுதி என்பதால் ஆங்கிலேய போலீஸ் அச்சகத்துக்குள் நுழைய முடியாது. ‘இந்தியா’ 1908 அக்டோபரில் அங்கே மறுபிறவி எடுத்தது அதனால்தான். ஆனால் வாசகர்கள் எல்லையின் இந்தப் பக்கம் இருந்தார்கள். ஆங்கிலேய இந்தியாவுக்குள் வர விடாமல் தடுத்ததும் சந்தா வறண்டது, 1910 மார்ச்சில் இதழ் நின்றது. பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டும் 1911இல் சென்னை அரசால் தடைசெய்யப்பட்டன. ‘ஆறில் ஒரு பங்கு’ ஒரு காதல் கதை என்பதை நினைத்தால், அரசுக்கு அந்தப் பேனா மீது இருந்த பயம் புரியும்.

தடை செய்த புத்தகத்தைக் காந்தியே தெருவில் நின்று விற்றார் என்பது உண்மையா?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

உண்மை. 1919 ஏப்ரலில், ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது பம்பாயில் நடந்தது. எந்தச் சட்டத்தை மீறுவது என்று யோசித்தபோது, பொதுமக்கள் எளிதாக மீறக்கூடியது எது என்று பார்த்தார்கள். தடை செய்த நூலை அச்சிட்டு விற்பது அதற்கு ஏற்றதாக இருந்தது. 1910இல் பம்பாய் அரசு தடைசெய்த காந்தியின் ‘ஹிந்த் சுவராஜ்’, ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலைத் தழுவிக் காந்தி குஜராத்தியில் எழுதிய ‘சர்வோதயா’ இரண்டையும் மறுஅச்சு செய்தார்கள். விலை நாலணா. எதிர்ப்பு நாளன்று கடைப்பிடித்த உண்ணாவிரதம் முடிந்த மாலையில் விற்பனை. வாங்குபவர் சிறைக்குப் போக நேரலாம் என்று முன்கூட்டியே எச்சரித்துத்தான் விற்றார்கள். நாலணாப் புத்தகத்துக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பலர். ஒரு பிரதி ஐம்பது ரூபாய்க்குப் போனதாகக் காந்தி தன் வரலாற்றில் எழுதுகிறார்.

அரசு என்ன செய்தது என்பதுதான் சுவையான பகுதி. தடை செய்தது பழைய பதிப்பை, விற்றது புதிய பதிப்பு, ஆகவே குற்றமில்லை என்று சட்டத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்து விலகிக்கொண்டது. ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்வதைவிட அது எளிது. விற்றவர்களுக்கு இதில் ஏமாற்றமே மிஞ்சியது.

எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது, அன்று அந்தப் புத்தகத்தைப் படிப்பதைவிட வாங்குவதுதான் அரசியல் செயலாக இருந்தது என்பது. குஜராத்தி தெரியாதவரும் வாங்கியிருக்கலாம். கையில் வைத்திருப்பதே ஒரு நிலைப்பாடு.

அமெரிக்காவில் தாமஸ் பெயின் எழுதிய ‘காமன் சென்ஸ்’ ஒரே பிரசுரமாக நின்று விடுதலையைக் கொண்டுவந்தது, ஐந்து லட்சம் பிரதி விற்றது என்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று ஏன் இல்லை?
(வாசகர், சேலம்)

ஐந்து லட்சத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் அச்சான முதல் பதிப்பு ஆயிரம் பிரதி. லட்சத்துக்கு மேல் விற்றதாகப் பெயினே சொன்னார், பின்னால் எழுதியவர்கள் அதை ஐந்து லட்சம் வரை ஏற்றினார்கள். அடிமைகளையும் சேர்த்து அங்கே அப்போது மக்கள்தொகை சுமார் 25 லட்சம். மரக் கை இயந்திரத்தில் மணிக்கு 200 தாள் இழுப்பதே பெரிய காரியம், அதோடு இறக்குமதி நின்றுபோய்க் காகிதத்துக்கும் பஞ்சம். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அந்தப் பெரிய எண்ணை ஏற்பதில்லை.

எண் குறைந்தால் செல்வாக்கும் குறைந்ததா? இல்லை. அந்த ஒரே ஆண்டில் வெவ்வேறு ஊர் அச்சகங்கள் சுமார் 25 பதிப்புகள் போட்டன. பத்திரிகைகள் பகுதி பகுதியாக எடுத்துப் போட்டன. ஜனங்கள் கூடுமிடங்களில் உரக்கப் படித்தார்கள். அங்கேயும் காதுதான்! அதற்கு முந்தைய அமெரிக்கப் பிரசுரங்கள் பெரும்பாலும் வழக்கறிஞர் நடையில் நாடாளுமன்றத்தின் வரி அதிகாரத்தைப் பற்றி வாதாடின. பெயின் மன்னராட்சியையே கேள்வி கேட்டார், எல்லோரும் அறிந்த பைபிளை மேற்கோளாக வைத்தார். மறுப்பாக வந்த ‘பிளெய்ன் ட்ரூத்’ என்ற பிரசுரம், முதல் பிரசுரத்தை அச்சிட்ட அதே ராபர்ட் பெல்லின் அச்சகத்திலிருந்தே வந்தது. ஆனால் அறிஞர்களின் மேற்கோள்களால் நிறைந்திருந்ததால் எடுபடவில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. போர் 1775 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களைக் கலகக்காரர்கள் என்று சாடிய பிரிட்டிஷ் மன்னரின் உரை பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்ததும் பிரசுரம் வெளிவந்ததும் கிட்டத்தட்ட ஒரே நாளில். மனம் கசந்து நின்றவர்களுக்கு அது சொல் கொடுத்தது. 1776 ஏப்ரல் முதல் ஜூலைக்குள் ஊர்களும் மாவட்டங்களும் விடுதலை கேட்டு நிறைவேற்றிய தீர்மானங்களும் அறிவுரைகளும் 90 வரை இருக்கும். பிரசுரம் பேச்சாகி, பேச்சு தீர்மானமானதற்குக் கிடைக்கும் நல்ல சான்று அது. நம்மிடம் பல மொழி, நாற்பது ஆண்டுப் போராட்டம், இடையறாத தடை. ஒரே பிரசுரம் எல்லோரையும் எட்ட வழியே இல்லை. ஆயிரம் சின்னப் பிரசுரங்கள் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன.

1942இல் அச்சகங்கள் கண்காணிப்பில் இருந்தபோது துண்டறிக்கைகள் எப்படி வந்தன?
(வாசகர், தேவகோட்டை)

சைக்ளோஸ்டைல், அதுவும் கிடைக்காத இடத்தில் ஜெலட்டின் பலகை.

ஜெலட்டின் பலகைக்கு இயந்திரமே வேண்டாம். ஒரு அவுன்ஸ் ஜெலட்டினை இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மீதி நீரை வடித்து, ஆறு முதல் ஆறரை அவுன்ஸ் சூடான கிளிசரினில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைப்பார்கள். விளிம்புள்ள தட்டில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி, மேலே வரும் குமிழிகளைத் தாள் ஓரத்தால் வழித்துவிட்டு ஆறவிட வேண்டும். ஊதா அனிலின் மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்துச் சில நிமிடம் வைத்தால் எழுத்து ஜெலட்டினில் இறங்கும். பிறகு வெற்றுத்தாளை வைத்து வைத்து எடுக்கலாம். நாற்பது, ஐம்பது பிரதிக்கு மேல் எழுத்து மங்கிவிடும். நம் ஊர் வெயிலில் கலவை இளகித் தாளோடு பெயர்ந்து வருவது பெரிய தொல்லை. அதற்கு ஜெலட்டினைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அல்லது இரவில் வேலை செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் ஈரப் பஞ்சால் துடைக்காவிட்டால் பழைய எழுத்து அடுத்த தாளில் பேய்போல எழும். விரலில் ஏறிய ஊதா மை லேசில் போகாது. அதுவே சாட்சியாகிவிடும்.

சைக்ளோஸ்டைலில் மெழுகுத் தாளில் எழுத்தாணியால் எழுதி, உருளையால் மை தடவி எடுப்பார்கள். ஒரு ஸ்டென்சிலில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். சுழி அதிகமுள்ள தமிழ் எழுத்தில் எழுத்தாணி அழுந்தினால் ‘ஐ’, ‘ஞ’ போன்றவற்றின் வட்டம் அறுந்து விழுந்து, அந்த இடத்தில் கரும்புள்ளி விழும். அன்றைய துண்டறிக்கைகளின் எழுத்து பெரிதாக, அகலமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு பிரசுரத்தால் மக்கள் மனம் மாறியது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

நேரான அளவுகோல் கிடையாது. பக்கச் சான்றுகள் உண்டு. ஒரே பாட்டு வெவ்வேறு ஊர் அச்சகங்களில் திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தால் அதற்குக் கேட்பவர் இருந்தார்கள் என்று அர்த்தம். ஏனென்றால் காலணாப் புத்தகத்தை நஷ்டத்துக்கு அடிக்க யாருக்கும் வசதியில்லை. 1931 மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பிறகு அவரைப் பற்றித் தமிழில் வந்த பாட்டுப் புத்தகங்களும் அவற்றின்மேல் விழுந்த தடைகளும் ஏராளம். லாகூரில் நடந்ததற்குத் தமிழ்நாட்டுச் சந்தையில் பாட்டு விற்றது என்பதே ஒரு சான்றுதான். அரசின் தடை ஆணைகளும் சான்றுதான், ஆனால் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியவை. அரசு பயந்தது என்பதை அவை காட்டும், மக்கள் ஏற்றார்கள் என்பதை அல்ல.

தாத்தாவின் பெட்டியில் ஒரு பாட்டுப் புத்தகம் கிடைத்தது. ஆண்டு இல்லை, அட்டை கிழிந்திருக்கிறது. காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பாதுகாப்பது?
(வாசகர், கும்பகோணம்)

முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, அப்போதுதான் நயா பைசா வந்தது. பழைய வடிவ லை, ணை, றா, னா எழுத்துகளை வைத்து முடிவு கட்டாதீர்கள். அவை 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை அச்சில் இருந்தன. அடுத்து, பாட்டில் வரும் சம்பவங்கள். கடைசியாக நடந்த சம்பவம் எதுவோ அதற்குப் பிந்தையது புத்தகம். ஆனால் தடை நீங்கிய பின்னும் 1947க்குப் பின்னும் பழைய பாட்டுகள் மறுஅச்சாயின. அச்சகப் பெயரும் முகவரியும் தெளிவாக இருந்து, ஆசிரியர் பெயருக்கு முன் ‘தியாகி’ என்று இருந்தால் மறுஅச்சாக இருக்கலாம்.

பிறகு, அரசு வெளியிட்ட காலாண்டு நூற்பட்டியலில் தேடுங்கள். தலைப்பு, ஆசிரியர், அச்சகம், வெளிவந்த தேதி, பக்கம், அளவு, விலை, எத்தனை பிரதி அச்சானது என்பதுவரை அதில் இருக்கும். 1867 சட்டத்தின் கீழ் கண்காணிப்புக்காகத் தொடங்கியது, இன்று நமக்குப் பொக்கிஷம். அதில் இல்லையென்றால் பதிவு செய்யாமல் அடித்தது என்ற சந்தேகம் வரும். அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழின் தடை அறிவிப்புகளைப் பார்க்க வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இந்தத் தேடலுக்கு முதலில் போக வேண்டிய இடம்.

பாதுகாப்பு விஷயத்தில், நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்கள்தான் அதிகம் கெடுக்கின்றன. செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் டேப் உதிர்ந்து, பசை மட்டும் பழுப்பாகக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லாமினேட் செய்யவே கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் இருப்பதால் மடித்த இடம் அப்பளம்போல நொறுங்கும். விரித்து அழுத்தாமல், திறக்கிற அளவுக்கு மட்டும் திறந்து படம் எடுங்கள். ஸ்கேன் செய்தால் 400 டிபிஐ போதும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். வெற்றுப் பக்கத்தையும் அட்டையின் உட்புறத்தையும் விடாதீர்கள். கையொப்பம், தேதி, வாங்கிய ஊர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நடுவில் இருக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால் இழுக்கக் கூடாது. புத்தகத்தை நடுப்பக்கத்தில் திறந்து, மெல்லிய தகட்டால் கம்பியின் இரு கால்களையும் நிமிர்த்தி, பின்புறத்திலிருந்து நேராக எடுங்கள். அந்த இடத்தில் பருத்தி நூலைத் தளர்வாகக் கோத்தால் போதும். அமிலமற்ற உறையில் போட்டு, தரையிலிருந்தும் வெளிச் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். அந்துருண்டை காகிதத்தைத் தொட வேண்டாம். வீட்டில் வைக்க வசதியில்லையென்றால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். கொடுக்கும்போது, யாருடைய பெட்டியில், எந்த ஊரில், வேறு எந்தக் காகிதங்களோடு சேர்ந்து கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்.